மலிவு மட்டும் போதுமா?



பெருநாளைக்குத் துணி எடுக்கப் புறப்படுகிறீர்கள். எந்தக் கடைக்குப் போவது என்னும் கேள்வி எழுந்தவுடன் உங்கள் வீட்டில் எத்தனை குரல்கள் ஒலிக்கின்றன? 'எங்கே மலிவோ அங்கே' என்று வாப்பா சொல்வார். 'உட்கார ஓர் இடமாவது இருக்கும் கடையாகப் பாருங்கள்' என்பார் உம்மா. கல்லூரியில் படிக்கும் மகளோ கைப்பேசியைத் திறந்து, அதே துணி அங்கே என்ன விலை என்று காட்டுவாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் குடும்பத்தில் ஒரே குரல்தான் ஒலித்திருக்கும். அது வாப்பாவின் குரல்.

இந்த மாற்றத்தைக் கண்ணாரக் காண விரும்புவோர் தென்சென்னையின் தரமணியைப் பார்க்கலாம். ஒருபுறம் பழைய கிராமத்துத் தெருக்களும் நெருக்கமான குடியிருப்புகளும். மறுபுறம் மத்திய பாலிடெக்னிக் வளாகமும், ஆய்வு நிறுவனங்களும், 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும், அதனைத் தொடர்ந்து எழுந்த கண்ணாடிக் கட்டடங்களும். நாள் கூலி வாங்குபவரும் மாதச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் பெறும் கணினிப் பொறியாளரும் ஒரே சாலையைக் கடக்கும் ஊர் இது. பெரிய அளவில் துணிமணியோ பாத்திரமோ வாங்க வேண்டுமென்றால் இவ்விரு சாராருமே ஒரு காலத்தில் தியாகராய நகருக்குத்தான் பேருந்து ஏறினார்கள். 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. தரமணிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. 2013 ஜனவரியில் வேளச்சேரியில் பீனிக்ஸ் மார்க்கெட் சிட்டி திறக்கப்பட்டது. அதன் பிறகு தியாகராய நகர் என்பது 'போயே தீர வேண்டிய' இடம் என்னும் நிலையிலிருந்து, 'போகலாமா?' என்று யோசிக்கும் இடமாக மாறத் தொடங்கியது.

மலிவு எங்கிருந்து வந்தது?

ரங்கநாதன் தெருவின் கதையை நம்மில் பலர் அறிவோம். தென் மாவட்டத்திலிருந்து வந்த சகோதரர்கள் 1970ஆம் ஆண்டையொட்டிப் பாத்திர வியாபாரத்தில் காலூன்றினார்கள். பின்னர் சரவணா ஸ்டோர்ஸ் என்னும் பெயரில் துணி, நகை, வீட்டுச் சாமான் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தார்கள். அவர்கள் கையாண்ட முறையில் இரகசியம் ஏதுமில்லை. ஆலையிலும் தறியிலும் மொத்தமாகக் கொள்முதல் செய்வது, ஒரு பொருளில் கிடைக்கும் இலாபத்தைக் குறைத்துக்கொள்வது, அந்தக் குறைவை விற்பனையின் எண்ணிக்கையால் ஈடுகட்டுவது. ஒரு சேலையில் நூறு ரூபாய் சம்பாதிக்கும் கடைக்காரர் நாளுக்கு ஐந்து சேலை விற்கிறார். பத்து ரூபாய் மட்டும் சம்பாதிப்பவர் நூறு சேலை விற்கிறார். கணக்கு அவ்வளவுதான்!

இதே கணக்கை அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டில் மூன்று நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கின என்பது வியப்பான செய்தி. வால்மார்ட், கேமார்ட், டார்கெட் ஆகிய மூன்றின் முதல் கடைகளும் அதே ஆண்டில் திறக்கப்பட்டவையே. ஆனால் அங்கே ஊருக்கு வெளியே பரந்த நிலத்தில், ஒரே தளத்தில், நூற்றுக்கணக்கான கார்கள் நிற்கும் மைதானத்தோடு கடை விரிந்தது. நம் சென்னையிலோ நிலத்தின் விலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் விரிய வேண்டிய கடை, குறுகிய தெருவில் மாடி மேல் மாடியாக மேல்நோக்கி எழுந்தது. இந்த ஒரு வேறுபாட்டில் எத்தனை துன்பங்கள் ஒளிந்திருந்தன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தள்ளுபடி என்றதும் நினைவுக்கு வருவது ஆடி மாதம். திருமணம் முதலிய மங்கல காரியங்களை இந்துச் சகோதரர்கள் அம்மாதத்தில் தவிர்ப்பதால் வியாபாரம் மந்தமாகும்; தேங்கிய சரக்கைக் கழிக்க விலையைக் குறைப்பார்கள். நம் பிறைக் கணக்கோ ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்கிறது. அதனால் 2013இல் ஆகஸ்ட் 9ஆம் நாளும், 2014இல் ஜூலை 29ஆம் நாளும் நோன்புப் பெருநாள் ஆடி மாதத்துக்குள்ளேயே வந்தது. பெருநாள் துணியை ஆடித் தள்ளுபடியில் வாங்கும் வாய்ப்பு அவ்விரு ஆண்டுகளில் நமக்குக் கிட்டியது. கணக்குப்படி அந்த வாய்ப்பு மீண்டும் வர 2040களின் நடுப்பகுதி கடந்தாக வேண்டும்!

தரமணிக்கு அடுத்த ஊரில் எழுந்து விழுந்த கடை

மலிவு ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. தரமணிக்கு அடுத்துள்ள திருவான்மியூரில் 1997ஆம் ஆண்டு சுபிக்ஷா என்னும் மளிகைக் கடை தொடங்கப்பட்டது. குளிர்சாதனம் இல்லை, அலங்காரம் இல்லை. ஆனால் அச்சிட்ட விலையைவிடக் குறைவு. மருந்துக்கும் தள்ளுபடி கொடுத்தார்கள். நடுத்தரக் குடும்பங்கள் இதனை இரு கை நீட்டி வரவேற்றன. 2008ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 கிளைகள்! அடுத்த ஆண்டே கையில் பணமின்றிக் கதவுகள் அடைபட்டன. சம்பளம் கிடைக்காத ஊழியர்களும் வாடகை கிடைக்காத கட்டட உரிமையாளர்களும் திகைத்து நின்றார்கள். கடனில் விரைந்து கிளை பரப்பியதே முதன்மைக் காரணம். எனினும் அலமாரிகள் காலியாகத் தொடங்கியபோது வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மலிவுக்காக வந்தவரைப் பிடித்து வைக்க அங்கே வேறெதுவும் இருக்கவில்லை.

2001இல் தொடங்கிய பிக் பஜாரின் பெயர்ப் பலகைகள் 2022இல் இறங்கின. அமெரிக்காவிலும் கேமார்ட் 2002இல் திவால் மனு கொடுத்து, பிறகு தேய்ந்து தேய்ந்து ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

வாங்குபவர் இப்போது கேட்பது என்ன?

விலை குறைவாக இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு போய்விடவில்லை. அதை இப்போது யாரும் தனியாகக் கேட்பதில்லை. அது இருந்தே ஆக வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல்தான் கேள்விகள் தொடங்குகின்றன.

நம் வீட்டுப் பெண்களுக்கு முதற்கேள்வி உடை மாற்றிப் பார்க்கும் அறை. அது பாதுகாப்பானதா, கதவு சரியாகத் தாழிடுகிறதா, அருகே பெண் ஊழியர் நிற்கிறாரா என்று பார்த்த பிறகே அங்கே கால் வைக்கிறார்கள். முன்பு இந்த அறையே இல்லாமல், அளவு நாடாவையும் மனக்கணக்கையும் நம்பி வாங்கி வந்தோம். வயதானவர்களுக்கு மின்தூக்கியும் கழிவறையும் வேண்டும். ஐந்து மாடி ஏறி மலிவாக வாங்குவதைவிட, ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத் தரைத்தளத்தில் வாங்குவது மேல் என்று எண்ணும் மூட்டு வலிக்காரர்கள் எத்தனை பேர்!

அடுத்தது, வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்னும் வாசகத்தை இரசீதில் படித்துப் படித்து, அதையே சட்டம் என்று நம்பிவிட்டோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறைபாடுள்ள பொருளை, இரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி ஏதும் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது. இரசீது கொடுக்காமல் இருப்பதும் அவ்வாறே. ஆனால் குறைபாடுள்ள பொருளுக்குத்தான் இது பொருந்தும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அல்ல.

பைக்குக் காசு வாங்கும் விஷயமும் உண்டு. தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன; துணிப்பைக்கும் காகிதப்பைக்கும் கடைகள் தனி விலை போடத் தொடங்கின. வாங்கி முடித்துப் பணம் கட்டும் இடத்தில் நிற்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் பைக்கு விலை சேர்ப்பது முறையற்றது என்று பிக் பஜார் தொடர்பான வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இதற்கு நம் பாட்டிமார் கண்டிருந்த தீர்வு எளிது: வீட்டிலிருந்தே பை கொண்டு போனார்கள்.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்னும் பலகையைப் பார்த்து மயங்காதவர் யார்? பாக்கெட்டின் விலை அப்படியே இருக்க, உள்ளே எடை மெல்லக் குறைந்து கொண்டே வருவதையும் காண்கிறோம். பாக்கெட் பொருள்களில் மொத்த விலையோடு, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் இப்போது அச்சிட வேண்டும் என்பது விதி. சிறிய எழுத்தில் இருந்தாலும் தேடிப் படியுங்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்னும் நம்பிக்கை சில வேளைகளில் பொய்த்துப் போகும். அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கவென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

நமக்கென்றே கவனிக்க வேண்டிய மற்றொன்று, 'வட்டியில்லாத் தவணை'. குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கும் தளங்களில் இந்தச் சொல் பெரிதாக ஒளிர்கிறது. கடன் அட்டைகளின் சுழிய வட்டித் திட்டங்களைப் பற்றி 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. அப்படியொரு வட்டி உண்மையில் கிடையாது, அது பெரும்பாலும் பரிசீலனைக் கட்டணம் என்னும் பெயரில் மறைந்து நிற்கிறது என்பது அதன் கருத்து. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, தவணையில் எடுத்தால் கட்டணங்களோடு சேர்த்து மொத்தம் என்ன என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இத்தனையும் போதாதென்று கைப்பேசி வந்து சேர்ந்தது. பத்து நிமிடத்தில் மளிகை வாசலுக்கு வருகிறது. தரமணியின் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் கடைக்குப் போவதே இல்லை என்று பெரிய கடைக்காரர்கள் அங்கலாய்க்கிறார்கள். ஆனால் கூலிக்காரர் குடும்பம் ரேஷன் அரிசியோடு, நூறு கிராம் பருப்பையும் ஐம்பது மில்லி எண்ணெயையும் தெருமுனை அண்ணாச்சி கடையில்தான் வாங்குகிறது. மாதக் கடைசியில் 'எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல முடியும் இடம் அது ஒன்றுதான். இந்த நம்பிக்கையை எந்தத் தள்ளுபடிக் கடையும் இதுவரை விற்பனைக்கு வைத்ததில்லை.

மாடிகளுக்குப் பின்னால்

குறுகிய தெருவில் உயர்ந்த கடை என்று சொன்னோம் அல்லவா? 2008 செப்டம்பர் 1ஆம் நாள் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டடத்தில் தீப்பற்றியது. ஊழியர்கள் இருவர் உயிரிழந்தனர். தெருவுக்குள் தீயணைப்பு வண்டிகள் நுழையவே திணறின. 2011 அக்டோபர் இறுதியில், விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று தியாகராய நகரின் பல பெரிய கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் பொங்கல் விற்பனையையொட்டி, தற்காலிகமாகத் திறந்துகொள்ள உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. திறந்த அன்றே கூட்டம் அலைமோதியது. வாங்க வந்தவர்கள் அவசர வழி எங்கே இருக்கிறது என்று கேட்டதாகத் தெரியவில்லை. 2017 மே 31ஆம் நாள் அதிகாலை உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்து, ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, கடைசியில் இடித்துத் தள்ளப்பட்டது. அது கடை திறந்திருக்கும் மாலை நேரமாக இருந்திருந்தால்...? நினைக்கவே நெஞ்சம் பதறுகிறது.

இன்று சில குடும்பங்கள் குழந்தைகளுடன் மேல்மாடிக்கு ஏறுமுன் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்கின்றன. நல்ல பழக்கம். படிக்கட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தால் மேலாளரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். அங்கே கிடைக்கும் நூறு ரூபாய் மிச்சம் நமக்கு வேண்டியதில்லை.

அந்த மாடிகளில் காலை முதல் இரவு வரை நமக்குச் சேலையை விரித்துக் காட்டும் பிள்ளைகள் யார்? பெரும்பாலோர் தென் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் வாழ்வை 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் தமிழகம் முழுவதும் எடுத்துக்காட்டியது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்வதால் கால் நரம்புகள் புடைத்து வேதனைப்பட்டவர்களின் குரல் முதலில் கேரளத்தில் எடுபட்டது. அங்கே 2018இல் உட்காரும் உரிமைக்குச் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் செய்யப்பட்டது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மலிவு விலையில் நாம் மிச்சப்படுத்திய ரூபாயில் ஒரு பகுதி அந்தப் பிள்ளைகளின் கால்களிலிருந்து வந்தது என்பதே என் கருத்து. இருக்கை போட்டால் விலை ஏறிவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒரு முக்காலியின் விலை ஒரு சேலையின் விலைகூட இல்லை!

அடுத்த முறை போகும்போது விற்பனை மேசைக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பாருங்கள். இருக்கை இல்லையென்றால் அது தொழிலாளர் துறையிடம் முறையிடத்தக்க குறை. உங்கள் இரசீது, பை, குறைபாடுள்ள பொருள் ஆகியவை பற்றிய புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், இரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.