எத்தனை ராத்தல் காற்று?

மோட்டார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலருக்கு ஒரு புதுச் சந்தேகம் பிறந்திருக்கிறது. "ரன்-பிளாட் டயர்களைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டுக்கொண்டோம். இனிமேல் காற்று எவ்வளவு அடிப்பது?" என்பதே அது. "கூட்டு" என்பார் ஒருவர். "குறை" என்பார் மற்றொருவர். குழந்தை குட்டிகளோடு பிரயாணம் செய்கிறவர்கள் இவ்விஷயத்தில் ஊகத்தை நம்புவது உசிதமன்று.

ரன்-பிளாட் டயரின் பக்கச் சுவர் மிகத் தடித்தது. காற்று அடியோடு போனாலும், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல், சுமார் 80 கிலோமீட்டர் தூரம் அது வண்டியைக் கொண்டு சேர்க்கும். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் அந்த விறைப்பே நமது முதுகெலும்பைப் பதம் பார்க்கிறது. விலையும் அதிகம். எனவே பலர் அதைக் கைவிடுகிறார்கள்.

எனினும், சாதாரண சமயங்களில் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது டயருக்குள் இருக்கும் காற்றே. 1888-ல் காற்று டயருக்கு உரிமை பெற்ற டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காலம் முதல் தத்துவம் இதுதான். டயர் மாறியதால் வண்டியின் பாரம் மாறிவிடவில்லை. ஆகவே புது டயர் பழைய அளவும் சுமைக் குறியீடும் உடையதானால், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து அடிப்பதே முறை. சதுர அங்குலத்துக்கு 32 ராத்தல் என்று அதில் கண்டிருந்தால், 32-தான். அளவு மாறியிருந்தால் மட்டும் டயர் கம்பெனியின் பட்டியலைக் கேட்டறிய வேண்டும். டயரின் மேலேயே பொறித்திருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு. அது நமக்குரிய அளவல்ல.

இங்கே கண் நம்மை ஏமாற்றும். சாதாரண டயரின் சுவர் மெல்லியது. சரியான காற்று இருக்கும்போதும் அடிப்பாகம் சற்றுப் பிதுங்கித் தோன்றும். அதைக் கண்டு பயந்து மேலும் மேலும் அடித்தால் நடுப்பகுதி தேயும். சாலைப் பிடிப்பும் குறையும். மெத்தென்று இருக்கட்டும் என்று காற்றைக் குறைத்தாலோ ஓரங்கள் தேய்ந்து, டயர் சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கவும் கூடும்.

அளப்பது காலையில், வண்டி புறப்படுமுன். ஓடி வந்த வண்டியானால் மூன்று மணி நேரமாவது ஆறவேண்டும். சூட்டில் எண் ஏறிக் காட்டும். அதற்காகக் காற்றை இறக்கலாகாது. காற்றழுத்தம் காட்டும் கருவி வண்டியில் இருந்தால், புது அளவை அதில் மறுபடி பதியச் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரன்-பிளாட்டோடு வந்த வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பழைய டயர் நமது அசட்டையை 80 கிலோமீட்டர் வரை மன்னித்தது, புதியது மன்னிக்காது. ஸ்டெப்னி ஒன்றோ, பஞ்சர் ஒட்டும் சாதனமும் சிறு காற்றுப் பம்பும் ஒரு ஜோடியோ வண்டியில் ஏறிய பிறகே குடும்பம் ஏறுவது நலம்.