வாக்கிங் போயும் சேட்டை குறையலையா? உங்கள் நாயின் மூக்குக்கு வேலை கொடுங்க!

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீடு ஒழுங்காகத்தான் இருந்தது. மாலையில் கதவைத் திறந்தால் செருப்பு இரண்டு துண்டு, ஹால் முழுக்கத் தலையணைப் பஞ்சு. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அம்மா, “பகல் பூரா ஒரே குரைப்பு, குழந்தை தூங்கவே இல்லைங்க” என்று வந்து நிற்கிறார். “தினமும் வாக்கிங் கூட்டிட்டுப் போறோம், நல்லா சாப்பாடு போடறோம், இதுக்கு மேல என்னதான் செய்யறது?” என்பது நாய் வளர்க்கும் பல வீடுகளில் கேட்கும் புலம்பல். இந்தப் புலம்பல் முற்றும்போதுதான் ‘யாராவது வெச்சுக்கிறீங்களா?’ என்று வாட்ஸ்அப்பில் நாயின் போட்டோ வருகிறது. சில நாய்கள் நேராகத் தெருவுக்கே போய்விடுகின்றன.

சரி, அந்த வாக்கிங் எப்படி நடக்கிறது? ஒரு கையில் செயின், இன்னொரு கையில் செல்போன். நாய் ஒரு மின்கம்பத்தின் அடியில் நின்றால், “வா, வா, நேரமாச்சு” என்று ஒரு இழுப்பு. பத்து நிமிடத்தில் வீடு. கால்கள் நடந்துவிட்டன, மூக்குக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

மனிதரின் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சில பத்து லட்சங்கள்தான். நாய்க்கோ 20 கோடிக்கும் மேல் என்கிறார்கள். அந்த மின்கம்பம் அதற்கு அன்றைய செய்தித்தாள். எந்த நாய் வந்தது, எவ்வளவு நேரத்துக்கு முன் வந்தது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அங்கே கிடக்கும். தலைப்பைக்கூடப் படிக்கவிடாமல் பிடுங்கினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஷார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு அது. வீட்டு நாய்களில் ஒரு குழுவுக்கு, ஒளித்துவைத்த தின்பண்டத்தை மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு, உரிமையாளரின் காலை ஒட்டியே நடக்கும் பயிற்சி. இரண்டு வாரம் கழித்து, உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் கிண்ணம் வைக்கப்பட்டது. மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. ‘இருக்கும்’ என்ற நம்பிக்கை அவற்றுக்குக் கூடியிருந்தது. மற்ற குழுவில் அந்த மாற்றம் தெரியவில்லை.

எனவே நடையில் பாதி நேரத்தை நாயிடம் விட்டுவிடுங்கள். கொஞ்சம் நீளமான கயிறு கட்டி, அது நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். கயிற்றை மட்டும் அவிழ்க்கவே வேண்டாம்.

பணியாரக்கல் போதும்

வீட்டுக்குள் மூளைக்கு வேலை கொடுக்க விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. பழைய பணியாரக்கல் ஒன்றை எடுத்து, நாய் வழக்கமாகச் சாப்பிடும் உணவைக் குழிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மேலே டென்னிஸ் பந்துகளை வையுங்கள். ஒவ்வொரு பந்தாகத் தள்ளித் தள்ளித்தான் சாப்பிட வேண்டும். இரண்டு நிமிடத்தில் காலியாகும் தட்டு, கால் மணி நேரம் நீளும். பழைய துண்டில் பிஸ்கட் துண்டுகளை வைத்துச் சுருட்டிக் கொடுக்கலாம். முதல் இரண்டு நாள் சுலபமாக வையுங்கள். எடுத்த எடுப்பிலேயே கஷ்டமாக இருந்தால் நாய் கைவிட்டுவிடும். துணியையே விழுங்கும் நாய்க்குத் துண்டு வேண்டாம்.

லேசர் விளக்கைச் சுவரில் அடித்து ஓடவிடுவது பார்க்க வேடிக்கைதான். ஆனால் எவ்வளவு துரத்தினாலும் கையில் எதுவும் சிக்காத விளையாட்டு அது. சில நாய்கள் பிறகு நிழலைக்கூடத் துரத்திக்கொண்டே இருக்கும். தவிர்ப்பது நல்லது.

இனத்தையும் பாருங்கள். லாப்ரடார், எறிந்ததை எடுத்துவரவே பழக்கப்பட்ட இனம். பந்து வீசினால் அலுக்காமல் கொண்டுவரும். பீகிளுக்கு ஓட்டத்தைவிட மோப்பம் முக்கியம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து முயலைத் துரத்திய வேட்டை நாய்கள். அவற்றை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வைத்துவிட்டு, “அடங்கவே மாட்டேங்குது” என்றால் எப்படி? சுற்றுச்சுவர் உள்ள காலி மைதானத்தில் அவ்வப்போது முழு வேகத்தில் ஓட இடம் வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இதற்கு நேர்மாறு. சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும், ஓடவைக்கக் கூடாது.

வெயில் விஷயத்தில் எல்லா இனத்துக்கும் ஒரே விதிதான். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். 7 விநாடி தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. கோடையில் விடியற்காலை அல்லது நன்றாக இருட்டிய பிறகு போங்கள்.

இது சலிப்பா, பயமா?

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் நாய் கதவைப் பிறாண்டுகிறது, எச்சில் வடிக்கிறது, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது என்றால் சலிப்பு அல்ல, தனிமைப் பயமாக இருக்கலாம். பணியாரக்கல் இதற்கு மருந்தாகாது. கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். அமைதியாக இருந்த நாய் திடீரென மாறினாலும் அப்படித்தான். எங்காவது வலி இருக்கலாம்.

கடிக்க ஏதாவது கொடுக்கலாம் என்று பலர் வேகவைத்த கோழி எலும்பைப் போடுகிறார்கள். அது கூராக உடைந்து குடலைக் குத்தும். மாங்கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்துவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.