கம்ப்யூட்டருக்குள் ஒரு தனிக்குடித்தனம்

உங்கள் ஆபீஸில் விண்டோஸ் 11 வந்தாச்சா? வாழ்த்துகள். அப்படியே மூலையில் கிடக்கும் அந்தப் பழைய மெஷினை எடைக்குப் போடுமுன் இரண்டு நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள்.

டாஸ் காலத்துப் புரோகிராம்கள் 16 பிட் ஆசாமிகள். 32 பிட் விண்டோஸில் அவர்கள் படுத்துக்கொள்ள என்.டி.வி.டி.எம். என்று ஒரு திண்ணை இருந்தது. 64 பிட்டில் திண்ணையை இடித்துவிட்டார்கள். விண்டோஸ் 10 வரை 32 பிட்டும் கிடைத்தது. 2021-ல் வந்த 11 வெறும் 64 பிட்தான். ஃபாக்ஸ்புரோவைத் தட்டினால், ‘யாருப்பா நீ?’ என்கிறது.

யாரா? ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு ஷூ கம்பெனியில் அது சாதாரண ஆள் இல்லை. அப்பர் தைக்கிற ஓர் அக்கா அங்கே 1996 ஏப்ரலில் சேர்ந்தவர். ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது. 2008-ல் புது சாஃப்ட்வேர் போட்டபோது யாரோ ஒரு புண்ணியவான் சேர்ந்த தேதி என்ற இடத்தில் 1.4.2008 என்று அடித்துவிட்டார். கிராஜுவிட்டி என்பது வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். 12 வருஷம் போனால் 180 நாள். மாசத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் கிட்டத்தட்ட ஏழு மாசச் சம்பளம்! (பி.காம். படித்ததற்கு இதுவாவது வருகிறது.) நிஜத் தேதி இருந்ததோ ஃபாக்ஸ்புரோவுக்குள்.

டி.பி.எஃப். ஃபைலை லிப்ரே ஆபீஸே திறக்குமே என்பீர்கள். திறக்கும். உள்ளே ‘07’, ‘பி3’ என்று கோடு நம்பர்கள் பல்லிளிக்கும். அர்த்தம் புரோகிராமுக்குத்தான் தெரியும்.

ஆகவே விர்ச்சுவலைசேஷன். பெரிய வீட்டில் ஒரு போர்ஷனைத் தடுத்துத் தனிக்குடித்தனம் வைக்கிற மாதிரி. ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். கொஞ்சம் ரேம், கொஞ்சம் டிஸ்க் ஒதுக்கினால் போதும். உள்ளே குடிவருபவர் அதை ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்றே நம்பிவிடுவார். மாமியார் காலடிச் சத்தம் கேட்காது. புது யோசனையும் இல்லை, 1972-லேயே ஐ.பி.எம். தன் மெயின்ஃப்ரேம்களுக்கு வி.எம்./370 என்று கொடுத்ததுதான். உள்ளே நாங்கள் குடிவைத்தது ஃப்ரீடாஸ். 1994-ல் ஜிம் ஹால் தொடங்கிய இலவச டாஸ். லைசென்ஸ் தொல்லை கிடையாது.

ஒரிஜினலைத் தொடாமல், ஒரு காப்பியை உள்ளே ஏற்றினோம். கறுப்புத் திரை வந்தது. “சார், தேதி வந்துட்ச்சி!” என்று அக்கவுண்டன்ட் பாய் கத்தியதில் டீ கொட்டியது. ரிப்போர்ட்டின் தலையில் ‘வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று இங்கிலீஷில் கம்பீரமாக இருந்தது. மாவட்டம் வேலூராகி, 2019-ல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கே போய்விட்டது. ஃபாக்ஸ்புரோவுக்கு யாரும் சொல்லவில்லை.

பிரிண்டர்தான் படுத்தும். டாட் மேட்ரிக்ஸோடு மல்லுக்கட்டாதீர்கள். ரிப்போர்ட்டை டெக்ஸ்ட் ஃபைலாக்கி, விர்ச்சுவல் ஃப்ளாப்பியில் (ஆமாம், இல்லாத ஃப்ளாப்பி!) எழுதி, செவன்-ஜிப்பால் வெளியே எடுக்கலாம். தனிக்குடித்தனத்துக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள். பழைய விண்டோஸைக் குடிவைத்தால் கட்டாயம் கூடாது. வைரஸுக்கு அது திறந்த வீடு.

முக்கியமாக, ஹார்ட் டிஸ்க் சுற்றும்போதே காப்பி எடுங்கள். பாஸ்வேர்டு யாரிடம் என்றும் விசாரியுங்கள். புரோகிராம் எழுதிய தம்பி இப்போது நியூ ஜெர்சியில் இருப்பார். அங்கே ராத்திரி ரெண்டு மணிக்கு போன் செய்தால் மறந்துவிட்டது என்றுதான் சொல்வார்.