உதிர்ந்த வடக்கெல்லை

தாமிரபரணித் தண்ணீர் குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றி வளைத்துக்கொண்ட ஒரு கார்த்திகை வாரம். பாளையங்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்குள் நனைந்த குடையோடு வந்த பத்திர எழுத்தர், முந்தின நாள் நான் அடித்துக்கொடுத்த முத்திரைத்தாளை மேசையில் விரித்தார்.

"என்ன அண்ணாச்சி, மடிச்ச இடத்துல வடக்கெல்லையே உதிர்ந்து போச்சே!"

உண்மைதான். நிலத்தின் வடக்கெல்லையைச் சொல்லும் வரி இருந்த மடிப்புக் கோட்டில் கறுப்புத் தூள் நின்றது.

டோனர் என்பது மை இல்லை. கரியும் கொஞ்சம் மெழுகும் கலந்த பிளாஸ்டிக் பொடி. மெஷினில் பாதி வழியில் சிக்கிய தாளை உருவிப் பாருங்கள். எழுத்தெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். விரல் பட்டால் ஈஷிவிடும். அதுவரை பொடியைத் தாளில் பிடித்து வைத்திருப்பது நிலைமின்சாரம் மட்டுமே. கடைசியில் இருக்கும் ஃபியூசிங் யூனிட்டில், சுமார் 180, 200 டிகிரியில் கொதிக்கும் மேல் ரோலரும் ரப்பர் போட்ட கீழ் ரோலரும் தாளை நசுக்கி அனுப்பும். கண் இமைக்கும் நேரத்துக்குள் பொடி உருகி நாரோடு நாராக ஒட்ட வேண்டும்.

முத்திரைத்தாளோ தடிமன். பாதிச் சூட்டை அதுவே குடித்துவிடும். போதாததற்கு மழை ஈரம்: ஈரத்துணியில் தேய்ப்புப்பெட்டி வைத்தாற்போல, சூடு ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

சூட்டை ஏற்றினால் தீருமே என்று தோன்றும். ஏற்றினால் உருகிய டோனர் ரோலரிலேயே ஒட்டி, அடுத்த பக்கத்தில் பேய்போல மங்கலாக விழும். முன்பு அதற்காக ரோலருக்கு சிலிக்கோன் எண்ணெய் தடவுவார்கள். இப்போது பொடிக்குள் இருக்கும் மெழுகே அந்த வேலையைப் பார்க்கிறது.

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் ஜெராக்ஸ் நகலிலும் மெழுகுதான் கைகொடுத்தது. பொடியை மெழுகுத்தாளுக்கு மாற்றிச் சூடுகாட்டினார். 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 மெஷின் தாளையே கருக்கிவிடும் என்று கூடவே தீயணைப்பானும் கொடுத்தார்களாம். அதை நினைத்தால் என் மெஷின் பரம சாது.

பிறகு நடந்த பல முன்னேற்றங்கள் சூட்டைக் குறைக்கத்தான். ரோலருக்குப் பதில் மெல்லிய ஃபிலிமும் பீங்கான் ஹீட்டரும் வந்தன. குறைந்த சூட்டில் உருகும் டோனர் வந்தது. என் பழைய மெஷின் காய்வதற்குள் ஒரு டீ குடித்து வந்துவிடலாம். இப்போது சில நொடி.

நான் செய்தது சின்ன வேலை. தடித்தாள் மோடில் போட்டேன். தாள் மெதுவாகப் போகும், சூடு உள்ளே இறங்கும். தாள் அலமாரிக்குள் ஈரம் போக ஒரு 40 வாட் குண்டு பல்பு. மலிவு ரீஃபில் பொடியை நிறுத்தினேன். அது எந்தச் சூட்டில் உருகும் என்று விற்றவருக்கே தெரியாது.

எழுத்தர் இப்போதெல்லாம் பத்திரத்தை வாங்கியதும் வடக்கெல்லை வரியை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் காசுக்குப் பையில் கையை விடுகிறார்.