மாடிக்கு ஏறும் 20 அடி பைப்

கீழே தெருவில் ஒருவர், மொட்டை மாடியில் ஒருவர். கீழே இருப்பவர் 20 அடி ஜி.ஐ. பைப்பை நிமிர்த்திக் கொடுக்கிறார். மேலே இருப்பவர் கயிறு கட்டி இழுக்கிறார். கைப்பிடிச் சுவரைத் தாண்டியதும் பைப் ஒரு பக்கம் சாய்கிறது. அந்தப் பக்கம்தான் ஈ.பி. லைன் போகிறது. எங்கள் தெருவிலேயே மூன்று முறை நான் கத்தி நிறுத்தியிருக்கிறேன். மூன்று முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "படாது சார், பார்த்துத்தான் தூக்குறோம்."

ஜி.ஐ. பைப்பும் எல்போவும் டீயும் ஃபிளாஞ்சும் வாங்கி, வெல்டிங் இல்லாமல் மரை திருகியே புத்தக அலமாரி, துணி காயப்போடும் ஸ்டாண்டு, மாடித் தோட்டப் பந்தல், ஊஞ்சல் என்று வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் கடையில் பைப் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. அளவு எழுதிக்கொண்டு போய்க் கடையிலேயே அறுத்து, மரை போட்டு வாங்குங்கள். மாடியில் அறுத்துக்கொள்ளலாம் என்று முழுசாக ஏற்றாதீர்கள்.

அடுத்து, இடைவெளி. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, சாதாரணத் தெரு லைன் கட்டடத்தின் மேலாகப் போனால் உச்சியிலிருந்து செங்குத்தாக 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்குச் சற்று மேல், பக்கவாட்டில் 1.2 மீட்டர், நாலடி. 11 கே.வி. லைன் என்றால் மேலே 3.7 மீட்டர், பன்னிரண்டு அடி. கம்பி அதிகபட்சம் தொய்ந்திருக்கும் நிலையில் இருக்கவேண்டிய தூரம் இது. அதை நீங்கள் டேப் பிடித்து அளக்கக் கூடாது. இரும்பு டேப்பும் இரும்புதான்.

அளக்கவேண்டியது மின்வாரியம். லைனுக்கு அருகே தற்காலிகப் பந்தல் போட்டாலும், போடுகிறவரும் ஒப்பந்தக்காரரும் மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவேண்டும், அளவு வரைபடமும் தரவேண்டும் என்பது விதி. இதை யாரும் செய்வதில்லை. "நாலு பைப் நட்டு பச்சை வலை கட்டுவதற்கு மனுவா?" என்பார்கள். ஆமாம், மனுதான்.

உங்கள் பகுதியின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பெயருக்கு எழுதுங்கள். மின் இணைப்பு எண், அருகிலுள்ள மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், பந்தலின் உயரம், கைப்பிடிச் சுவரிலிருந்து அதன் தூரம் ஆகியவை இருக்கட்டும். கட்டம் போட்ட தாளில் ஒரு படம் வரைந்து, லைன் தெரியும்படி எடுத்த புகைப்படத்தையும் இணையுங்கள். "நேரில் அளந்து, எழுத்தில் பதில் தரவும்" என்ற வரியை விடாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வெச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்று சொல்வார்கள். வைத்துவிட்டு வந்தால் அது மனுவே அல்ல. முத்திரை தர மறுத்தால் அங்கே நின்று சண்டை போடாமல் அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு நகல் மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு. பதிலே வராவிட்டால் உங்கள் மின்பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கும் மேலே மின்சார குறைதீர்ப்பாளர். 2003 மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தந்திருக்கும் வழி இது. முத்திரை போட்ட நகலோ ஸ்பீட் போஸ்ட் ரசீதோ இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். மின்கம்பத்திலிருந்து வரும் ஒயரைத் தாங்கி மொட்டை மாடியில் நிற்கும் சர்வீஸ் பைப்பில் துணிக்கொடி கட்டுவது. உள்ளே ஒயர் நசுங்கியிருந்தால் பைப், கொடிக்கம்பி, ஈரத்துணி எல்லாவற்றிலும் மின்சாரம். சர்வீஸ் பைப்பில் எதையும் கட்டாதீர்கள். நைலான் கயிறு என்றாலும் கட்டாதீர்கள். மழையில் நனைந்த கயிறு கம்பிதான்.

பைப்புக்குள் ஒயர் ஓட்டி விளக்கு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுத்த பைப்பின் விளிம்பு பிளேடு மாதிரி. அரத்தால் ராவி, ரப்பர் புஷ் போடாமல் ஒயர் நுழைக்காதீர்கள். இரண்டு பின் பிளக் கூடவே கூடாது. மூன்று கோர் ஒயர் வாங்கி, பச்சை ஒயரைப் பைப்போடு போல்ட் போட்டு இறுக்குங்கள். வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

ஊஞ்சல் கட்டுகிறவர்கள் பைப்பின் மேலுள்ள வண்ணப் பட்டையைப் பாருங்கள்: மஞ்சள் மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. மஞ்சளில் ஊஞ்சல் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். பில் இருந்தால் 1915க்கு அழைத்துப் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கெடு இரண்டு ஆண்டு. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

யாராவது மின்சாரம் பட்டுக் கிடந்தால் அவரைத் தொடாதீர்கள், பைப்பையும் தொடாதீர்கள். வீட்டு மின்சாரம் என்றால் மெயினை அணைத்துவிட்டு 108. தெரு லைன் என்றால் மெயினை அணைத்துப் பயனில்லை. கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை அழைத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். எண் 94987 94987. இன்றைக்கே மாடிக் கதவின் உள்பக்கம் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.