பாட்டு ஒருத்தர்... பேர் ஒருத்தர்... பணம்?

இங்கிலீஷ் பாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட விட்னி ஹூஸ்டனின் அந்தக் குரலை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். 1992-ல் வந்த 'தி பாடிகார்ட்' படத்தில், பக்கவாத்தியமே இல்லாமல் மெதுவாக ஆரம்பித்து, கடைசியில் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்புமே... 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. அமெரிக்க ஹிட் லிஸ்டில் 14 வாரம் முதலிடம்!

சரி, அந்தப் பாட்டு யாருடையது? "விட்னியோடதுதான், வேற யாரோடது?" என்பீர்கள். இல்லை சார். டாலி பார்ட்டன் என்ற இன்னொரு பாடகி 1973-ல் எழுதியது. அந்தம்மா கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குமுன் கொஞ்சம் கணக்கு.

அடியேன் பி.காம். பாட்டு கேட்டால் மற்றவர்களுக்கு ராகம் தோன்றும். எனக்குப் பற்று வரவு தோன்றும். என்ன செய்ய, படிச்ச படிப்பு அப்படி!

பாட்டு என்பது ஒரு வீடு மாதிரி. எழுதினவர் வீட்டுக்காரர். பாடுகிறவர் குடித்தனக்காரர். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை ரிக்கார்டாக வந்துவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். வீட்டுக்காரர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் வாடகை உண்டு. 1909-ல் ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று வைத்தார்கள். 1977 முடிகிறவரை அதே 2 சென்ட்! எழுபது வருஷம் வாடகையே ஏற்றாத வீட்டை நீங்கள் பார்த்ததுண்டா?

இன்னொரு கூத்து. அங்கே ரேடியோவில் பாட்டு போட்டால் எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும் காசு. தொண்டை கிழியப் பாடினவருக்குச் சல்லிக்காசு கிடையாது!

ஆக, பாட்டை அடுத்தவருக்குக் கொடுத்தால் நஷ்டம் இல்லை. வாடகைக்கு விடுகிறோம், அவ்வளவுதான். பத்திரத்தையே எழுதிக் கொடுத்தால்தான் போச்சு!

ஐம்பது டாலர் பைபிள்

பத்திரம் எழுதிக் கொடுத்தவர் வில்லி நெல்சன். இன்றைக்குக் கன்ட்ரி மியூசிக் உலகின் பிதாமகர். 1950-களின் கடைசியில் கையில் காசில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். 'ஃபேமிலி பைபிள்' என்று ஒரு பாட்டு எழுதி, அதை 50 டாலருக்கு ஒரேயடியாக விற்றுவிட்டார். 1960-ல் கிளாட் கிரே பாடி, பாட்டு ஹிட். எழுதியவர் என்று போட்ட இடத்தில் நெல்சன் பெயர்கூட இல்லை!

அடுத்து 'ஹலோ வால்ஸ்'. அதையும் விற்றுவிடலாம் என்று பாடகர் ஃபேரன் யங்கிடம் போனார். யங் நினைத்திருந்தால் சில நூறு டாலரில் முடித்திருக்கலாம். அந்த நல்ல மனுஷன், "பாட்டை விற்காதே, பணம் கடனாகத் தருகிறேன்" என்று கொடுத்தார். 1961-ல் யங்கின் குரலில் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம். ராயல்டி வந்ததும் நெல்சன் ஓடிப்போய் யங்குக்கு முத்தமே கொடுத்தாராம்!

அதே 1961-ல் நெல்சனின் 'க்ரேஸி'யைப் பாட்ஸி க்ளைன் பாடினார். ஜூன் மாதம் கார் விபத்தில் பயங்கர அடி. விலா எலும்பு வலியில் ஆகஸ்டில் உச்ச ஸ்தாயி எட்டவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துகொண்டு, சில வாரம் கழித்துத் திரும்பி வந்து பாடிக் கொடுத்தார். இன்றைக்கும் 'க்ரேஸி' என்றால் பாட்ஸிதான். வீடு நெல்சனுடையது!

குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்

நியூயார்க்கில் கரோல் கிங், ஜெரி காஃபின் என்று ஒரு இளம் தம்பதி. மனைவி மெட்டு, கணவர் வரிகள். 1960-ல் 'ஷிரெல்ஸ்' என்ற கறுப்பினப் பெண்கள் குழுவுக்கு இவர்கள் கொடுத்த 'வில் யூ லவ் மீ டுமாரோ' அடுத்த வருஷமே முதலிடத்துக்குப் போனபோது கரோலுக்கு 18 வயது.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஈவா என்ற பெண் இருந்தார். நல்ல குரல். தம்பதி அவரையே பாட வைத்தார்கள். 1962-ல் 'லிட்டில் ஈவா' பாடிய 'தி லோகோ-மோஷன்' நம்பர் ஒன்!

சினிமா மாதிரி இருக்கிறதா? இடைவேளைக்கு அப்புறம்தான் கஷ்டம். அதே பாட்டை 1974-ல் 'கிராண்ட் ஃபங்க்' குழு பாடி மறுபடி நம்பர் ஒன். எண்பதுகளில் கைலி மினோக் பாடி மறுபடி ஹிட். ஒவ்வொரு முறையும் எழுதினவர்களுக்கு வாடகை வந்தது. ஈவாவுக்கு? அவர் குடித்தனக்காரர் ஆயிற்றே! பின்னாளில் கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்தும், அரசாங்க உதவித் தொகையிலும் காலம் தள்ளி, 2003-ல் காலமானார். கைத்தட்டல் ஒரு பக்கம், கல்லாப்பெட்டி இன்னொரு பக்கம்.

மாறுவேஷ மன்னர்கள்

பெயரையே மறைத்துக்கொண்டு பாட்டு கொடுத்தவர்களும் உண்டு. 1966-ல் பீட்டர் அண்ட் கோர்டன் ஜோடி பாடிய 'வுமன்' பாட்டை எழுதியவர் பெர்னார்ட் வெப். யார் இந்த வெப்? சாட்சாத் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி! தன் பெயர் இல்லாவிட்டாலும் பாட்டு ஓடுமா என்று சோதனை. ஓடியது.

1986-ல் 'பேங்கிள்ஸ்' பெண்கள் குழுவுக்கு 'மேனிக் மண்டே' கொடுத்தவர் 'கிறிஸ்டஃபர்'. வேஷத்தைக் கலைத்தால், பிரின்ஸ்! பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தை விடாமல் மறித்துக்கொண்டிருந்தது எது தெரியுமா? பிரின்ஸே பாடிய 'கிஸ்'. தன் பாட்டுக்குத் தானே எதிரி!

மெக்கார்ட்னியும் லெனனும் தாராளப் பிரபுக்கள். 1963-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுக்கு அலைந்தபோது, அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கே போய், ஒரு மூலையில் உட்கார்ந்து 'ஐ வான்னா பி யுவர் மேன்' பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இப்படி வாரி வழங்கியதால் அவர்களுக்கு நஷ்டமா? இல்லவே இல்லை. அடி விழுந்தது வேறு இடத்தில். பாட்டுகளின் உரிமை 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற கம்பெனியில் இருந்தது. 1965-ல் அதன் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1969-ல் கம்பெனி ஏ.டி.வி. நிறுவனத்தின் கைக்குப் போனது. 1985-ல் ஏ.டி.வி.யின் பாட்டுகளை மொத்தமாக 47.5 மில்லியன் டாலருக்கு வாங்கியவர் மைக்கேல் ஜாக்சன். பாட்டு உரிமையில் பணம் இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொன்னதே மெக்கார்ட்னிதான்! பாட்டைக் கொடுத்தபோது போகாத சொத்து, யோசனையைக் கொடுத்தபோது போயிற்று.

அழுதாலும் அசையாத அம்மா

இப்போது டாலி பார்ட்டன். போர்ட்டர் வாகனரின் டி.வி. நிகழ்ச்சியில் பாடி வளர்ந்தவர். தனியாகப் போக முடிவெடுத்தபோது, பெரியவரிடம் வாயால் சொல்ல முடியாததைப் பாட்டாக எழுதினார். அதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974-ல் டாலியின் குரலிலேயே கன்ட்ரி பட்டியலில் முதலிடம்.

அதைப் பாட ஆசைப்பட்டார் ஒருவர். எல்விஸ் பிரெஸ்லி! டாலிக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கரிடமிருந்து போன். எல்விஸ் பாடணும்னா பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுக்கணும்.

யோசித்துப் பாருங்கள். கேட்பது எல்விஸின் ஆள். நாமாக இருந்தால் பேனாவைத் திறந்துகொண்டு ஓடியிருப்போம். டாலி முடியாது என்றார். சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க அழுதேன் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1977-ல் எல்விஸ் போய்ச் சேர்ந்தார். அந்தப் பாட்டை அவர் ரிக்கார்டு செய்யவேயில்லை.

பாட்டு எழுதி 19 வருஷம் கழித்து விட்னி வந்தார். உலகமே பைத்தியமாக வாங்கியது. ஒவ்வொரு பிரதிக்கும் வாடகை, முழுசாக டாலிக்கே. அந்தப் பணத்தில் நாஷ்வில் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டட வளாகத்தை வாங்கியதாக 2021-ல் சொன்னார். விட்னி 2012-லேயே மறைந்துவிட்டார். அவர் கட்டிய வீடாகவே அதை நினைக்கிறாராம் டாலி.

அக்கவுண்டன்ஸி வகுப்பில் எங்களுக்கு 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கு எப்படி விலை போடுவது என்று. மூன்று வருஷம் மனப்பாடம் செய்து நான் பாஸானேன். எல்விஸையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடிய விடிய அழுத ராத்திரியில், டாலி பார்ட்டன் டிஸ்டிங்ஷனே வாங்கிவிட்டார்!