மாணவர் தேவையறிந்து கற்பித்தல்: முன்னோர் நூல்களும் நம் வகுப்பறைகளும்

மக்காவில் ஒருநாள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்கள் சிலருக்கு ஏகத்துவத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். அவ்வேளையில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அங்கு வந்து, தமக்கு மார்க்கத்தைக் கற்றுத் தருமாறு வேண்டினார்கள். அவர்கள் பார்வையற்றவர்கள், அவையில் யார் இருக்கின்றனர் என்பதைக் காண இயலாதவர்கள். பேச்சு இடைமுறிந்ததால் பெருமானாரின் திருமுகம் சற்றே சுளித்தது. கேட்க வந்தவர் அதைக் காணவில்லை. ஆயினும் இறைவன் அதைக் கண்டான். திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான ‘அபஸ’வின் தொடக்க வசனங்கள் இந்நிகழ்வையொட்டியே அருளப்பெற்றன என்பது விரிவுரையாளர்கள் நன்கறிந்த செய்தி. அதன்பின் பெருமானார் அவரைப் பெரிதும் கண்ணியப்படுத்தினார்கள். மதீனாவில் பிலால் (ரலி) அவர்களுடன் பாங்கு சொல்லும் பொறுப்பும், நபியவர்கள் பயணம் சென்ற சில வேளைகளில் அந்நகரில் அவர்களின் பிரதிநிதியாக நிற்கும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தன.

கற்பிக்கும் பணியிலுள்ள நமக்கு இந்நிகழ்வில் தனிப்பட்ட பாடம் ஒன்று உண்டு. கற்க வந்தவரின் குறைபாடு கற்பவரின் குற்றமன்று. அதைக் கணக்கில் கொள்ள வேண்டியது கற்பிப்பவரின் கடமை. மாணவரின் தனித்தேவை, மனநலம் என்றெல்லாம் இன்று கல்வியியலார் பேசுவனவற்றைப் புதுமையெனக் கருதி ஒதுக்குவோர் நம்மில் உளர். நம் முன்னோர் நூல்களை மீண்டும் புரட்டினால் அவ்வெண்ணம் நிலைக்காது.

ஒரே அளவு அனைவருக்கும் பொருந்தாது

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் தம் மக்களுக்கு இமாமாக நின்று தொழுவித்தபோது நீண்ட அத்தியாயத்தை ஓதினார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்திருந்த ஒருவர் தாக்குப்பிடிக்க மாட்டாமல் தனியே தொழுதுவிட்டுச் சென்றார். செய்தி நபியவர்களிடம் சென்றபோது கண்டிக்கப்பட்டவர் அந்த உழைப்பாளி அல்லர், முஆத் (ரலி) அவர்களே. பின்னால் நிற்போரில் முதியவரும் நலிந்தவரும் அலுவலுடையோரும் இருப்பர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டுமென அறிவுறுத்தப்பட்டது. தொழுகைக்கே இவ்வளவு கவனம் வேண்டுமாயின் பாடத்திற்கு எவ்வளவு வேண்டும்!

இந்நெறியைக் கல்விக்கெனத் தனிநூல்களாக வடித்தவர்கள் பின்வந்த அறிஞர்கள். கைரவான் நகரில் வாழ்ந்த முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ஹிஜ்ரி 202–256) இயற்றிய ‘ஆதாபுல் முஅல்லிமீன்’ ஆசிரியர்களுக்கெனவே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று. செல்வர் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்று வேறுபாடு காட்டுவதை அது கடுமையாகக் கண்டிக்கிறது. சினத்தின் வேகத்தில் தண்டிக்கலாகாது, தலையிலும் முகத்திலும் அடிக்கலாகாது, உணவையும் நீரையும் தடுக்கலாகாது என்றும் வரம்பிடுகிறது. அதே நகரில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த இமாம் அல்காபிஸீ (ரஹ்) ஆசிரியர், மாணவர் கடமைகளைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார்கள். அவர்களும் பார்வையற்றவர்களே.

மருத்துவ மேதை இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் ‘கிதாபுஸ் ஸியாஸா’வில், ஒவ்வொரு பிள்ளையின் இயல்பையும் ஆற்றலையும் ஆராய்ந்து அதற்கேற்ற துறையைத் தேர்ந்தளிக்க வேண்டும் என்கிறார். விரும்பியோர்க்கெல்லாம் எல்லாக் கலையும் கைவருவதில்லை என்பது அவர் கூறும் காரணம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (கி.பி. 1058–1111) அவர்கள் ‘இஹ்யா’வில் ஓர் உவமை காட்டுகிறார்கள். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் மருத்துவன் அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றுவிடுவான். பக்குவப்படுத்தும் ஆசானின் நிலையும் அத்தகையதே. மாணவனின் தவற்றை வெளிப்படையாக இடித்துரைக்காமல் குறிப்பால் உணர்த்த வேண்டும் என்பதும், பாடம் முடிந்த பிள்ளைகளை விளையாட விடவேண்டும் என்பதும் அவர்களின் கருத்து. விளையாட்டைத் தடுத்து ஓயாமல் கற்கச் செய்வது பிள்ளையின் உள்ளத்தைச் சாகடித்து, அறிவை மழுங்கச் செய்யும் என எச்சரிக்கிறார்கள்.

பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (கி.பி. 1241–1333) மேலும் நுட்பமாகச் செல்கிறார். வழக்கமாக வரும் மாணவர் வரவில்லையாயின் ஆசிரியர் விசாரிக்க வேண்டும். ஆளனுப்ப வேண்டும், அல்லது தாமே நேரில் செல்வது சிறப்பு. நோயுற்றிருந்தால் நலம் விசாரிக்க வேண்டும். கவலையிலிருந்தால் அதைத் தணிக்க வேண்டும். ஹிஜ்ரி 631இல் திறக்கப்பெற்ற பாக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவில் மாணவர்க்கு உணவும் உதவித்தொகையும் மட்டுமின்றி மருத்துவரும் ஏற்பாடாகியிருந்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

கடுமையின் விளைவு

இவ்வனைத்திற்கும் காரணகாரிய விளக்கம் அளித்தவர் இப்னு கல்தூன் (கி.பி. 1332–1406). கி.பி. 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், மாணவர்பால், குறிப்பாகச் சிறார்பால், கடுமை காட்டுவது தீங்கானது என்பதற்கே தனி இயல் ஒதுக்கியுள்ளார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது. ஊக்கம் குன்றிச் சோம்பல் தலைதூக்குகிறது. தண்டனைக்கு அஞ்சி உள்ளத்தில் இல்லாததை வெளியே காட்டப் பழகுகிறான். பொய்யும் சூதும் முதலில் தற்காப்பாகத் தொடங்கி, நாளடைவில் குணமாகவே நிலைபெற்றுவிடுகின்றன. கொடுங்கோன்மைக்கு ஆட்பட்ட சமுதாயங்களுக்கும் இதுவே நேர்கிறது என்கிறார் அவர்.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்னு ஸஹ்னூனோ பிறரோ அடிப்பதை முற்றாக விலக்கவில்லை. மூன்று அடிக்கு மேல் கூடாது, அதற்கு மேலாயின் தந்தையின் அனுமதி வேண்டும் என்று எல்லை வகுத்தார்கள். அக்கால வழக்கம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை எண்ணினால், அவ்வெல்லை எத்திசை நோக்கியது என்பது விளங்கும். அவர்கள் குறைத்துச் சென்றதை நாம் கூட்டுவதற்குச் சான்றாகக் கொள்வது முறையாகாது.

ஒரு புள்ளியின் கதை

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் மாலை நேர மக்தபில் ஓதிக் கொடுத்து வந்தேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் செவிவழிக் கேட்ட சூராக்களை மற்றெவரினும் விரைவாக மனனம் செய்வான். ஏட்டைத் திறந்தாலோ ‘பா’வை ‘தா’ என்பான். ‘ஜீமை’ ‘ஹா’ என்பான். இவ்வெழுத்துகளின் வடிவம் ஒன்றே. புள்ளியின் இடமும் எண்ணிக்கையுமே வேறுபாடு என்பதை ஓதியோர் அறிவர். காதால் இவ்வளவு கற்பவன் கண்ணால் கற்க மறுப்பது அசட்டையே என்று நான் முடிவு செய்தேன். பிரம்பை எடுத்தேன், பிற பிள்ளைகள் முன்னிலையில் நிற்க வைத்தேன். சில வாரங்களில் அவன் வருவதை நிறுத்தினான். நான் விசாரிக்கவில்லை. இப்னு ஜமாஆவின் நூலை அதற்கு முன்பே படித்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்துக் கடைத்தெருவில் அவனைத் தாயுடன் கண்டேன். தடித்த கண்ணாடி அணிந்திருந்தான். அவன் படித்த பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் பார்வைக் குறைவு தெரியவந்ததாம். “புள்ளியெல்லாம் இப்பத்தான் ஹஜ்ரத் அவனுக்குத் தெரியுது” என்றார் அத்தாய். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மீண்டும் ஓத அனுப்புமாறு வேண்டினேன். சிறுவன் தாயின் பின்னால் நகர்ந்து நின்றான். அவன் வரவேயில்லை.

கண்ணாடியால் தீராத தேவைகளும் உண்டு. பார்வையும் செவியும் செம்மையாக இருந்தும், நுண்ணறிவில் குறைவின்றியும், எழுத்தை ஒலியோடு இணைப்பதில் மட்டும் இடர்ப்படும் பிள்ளைகள் உளர். டிஸ்லெக்சியா எனப்படும் இக்கற்றல் குறைபாடு சோம்பலன்று, அடியால் தீருவதுமன்று. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்தும் 21 குறைபாடுகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அடங்கும்.

சட்டமும் நம் பொறுப்பும்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் சமயக் கல்வியை முதன்மையாகப் போதிக்கும் நிறுவனங்களையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. இவ்விலக்கைப் பிரம்புக்குக் கிடைத்த அனுமதி எனச் சிலர் கருதுவது பெரும் பிழை. தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோரை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தண்டிக்கிறது. சட்டம் எட்டாத இடத்திலும் அமானிதம் எட்டும். பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்த பிள்ளை அமானிதமே.

செய்யத்தக்கவை

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

முதலாவது, சேர்க்கையின்போதே பெற்றோரிடம் பிள்ளையின் உடல்நலம், உறக்கம், அச்சம், விருப்பம், வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல். தந்தையை இழந்த பிள்ளை, வெளிநாட்டில் உழைக்கும் தந்தையைக் காணாத பிள்ளை ஆகியோரின் மௌனத்திற்குப் பொருள் அப்போதுதான் புரியும். அக்குறிப்பு மந்தணமாகக் காக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் கண், செவிப் பரிசோதனை. ஒரு பிள்ளை தொடர்ந்து பின்தங்கினால் ஆசிரியர் எழுப்ப வேண்டிய முதல் ஐயம் அவன் ஒழுக்கத்தைப் பற்றியதன்று. அவனுக்குத் தெரிகிறதா, கேட்கிறதா, பசிக்கிறதா என்பதே. பசித்த பிள்ளை படிக்கமாட்டான் என்பதை உணர்ந்தே தமிழக அரசு 2022இல் தொடக்கப்பள்ளி மாணவர்க்குக் காலைச் சிற்றுண்டித் திட்டத்தைத் தொடங்கியது. சுபுஹுக்கு முன் எழும் மத்ரஸா மாணவர்க்கு முதல் உணவு எப்போது கிடைக்கிறது என்பதை நிர்வாகிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பாட அளவில் வேறுபாடு. தொடக்க நிலை மாணவனின் பாடம் இருமுறை திருப்பிச் சொன்னால் மனத்தில் நிற்கும் அளவே இருக்கவேண்டும் என்ற கருத்தை, நம் மத்ரஸாக்களில் பயிலும் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ நூலில் இமாம் ஸர்னூஜீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஹிஃப்ழு வகுப்பில் ஒருவன் ஒரு பக்கமும் மற்றவன் மூன்று வரியும் பாடம் கொடுப்பதில் இழிவில்லை. மூன்று வரிக்காரனை ஒரு பக்கக்காரனோடு ஒப்பிட்டு ஏசுவதே இழிவு.

நான்காவது, மனநலம். விடுதியில் தங்கும் சிறுவனுக்குப் பாடம் ஓதிக்கொடுக்காத, அவன் அச்சமின்றிப் பேசத்தக்க ஒரு பெரியவரை நியமிக்க வேண்டும். வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவது உரிமையாக இருக்கவேண்டும். நன்கு ஓதினால் கிடைக்கும் பரிசாக அன்று. இரவில் படுக்கையை நனைத்தல், உணவை மறுத்தல், காரணமின்றி அழுதல், அடிக்கடி ஓடிப்போதல் ஆகியவை குற்றங்களல்ல, அறிகுறிகள். தேவைப்படின் மருத்துவரை நாடத் தயங்கலாகாது. 2022இல் தொடங்கப்பெற்ற மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றைச் சுவரில் எழுதி வைப்பது நிறுவனத்திற்கு அவமானமன்று.

‘ஐம்பது பேருக்கு ஓர் ஆசிரியர்’

ஐம்பது பிள்ளைகளைத் தனித்தனியே கவனிக்க ஓர் ஆசிரியரால் இயலுமா என்ற வினா நியாயமானதே. ஒரே நாளில் இயலாது. ஆயினும் நாளொன்றுக்கு இருவரிடம் ஐந்து நிமிடம் தனியே பேசினால், இருபத்தைந்து பாட நாட்களில் ஐம்பது பேரையும் அறிந்துவிடலாம். முதிர்ந்த மாணவரை இளையோர்க்குத் துணையாக்குவது நம் மத்ரஸாக்களில் பண்டுதொட்டே உள்ள வழக்கம். அதை ஒழுங்குபடுத்தி, ஆசிரியர் மேற்பார்வையில் வைத்தால் போதும். பிள்ளைகளை வாட்டும் ஆசிரியர் பலர், குறைந்த ஊதியத்தாலும் நீண்ட பணிநேரத்தாலும் தாமே வாட்டமுற்றவர்கள் என்பதையும் ஜமாஅத்தினர் மறக்கலாகாது. உஸ்தாதின் நலத்தைப் பேணாமல் மாணவர் நலத்தை எதிர்பார்க்க முடியாது.

கண்டிப்பு குறைந்தால் கல்வி தாழும் என்பது மற்றோர் அச்சம். ஒழுங்கு வேண்டாமென்று யாரும் கூறவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மைந்தனின் ஆசிரியருக்கு வழங்கிய அறிவுரையை இப்னு கல்தூன் எடுத்துக்காட்டுகிறார். பயனின்றி ஒரு பொழுதும் கழியலாகாது. ஆனால் உள்ளத்தை வாட்டி அறிவைச் சாகடிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். அரசகுமாரனுக்கு வேண்டிய இவ்விரண்டும், பள்ளிவாசல் திண்ணையில் பாயில் அமர்ந்து ஓதும் பிள்ளைக்கும் வேண்டும்.

நாளை மாலை பாடம் தொடங்குமுன் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போம். ஒரு வாரமாக வராத பெயர் ஒன்றேனும் அதில் இருக்கும். அந்த வீட்டின் கதவைத் தட்டி விசாரிப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். அதற்குரிய தெளிவையும் கனிவையும் வல்ல இறைவன் நமக்கு நல்குவானாக.